யாத்திரை எங்கே நிறைவுறுகிறது?

தீர்த்த யாத்திரைக்குப் புறப்படுவதற்கு நம்மிடையே எத்தனையோ முன்னேற்பாடுகள் உண்டு. நாள் பார்க்கிறோம், விரதம் ஏற்கிறோம், பெரியோரிடம் ஆசி பெறுகிறோம், கம்பளி உடை, மருந்து, வழிக்கான தின்பண்டம் என்று மூட்டை கட்டுகிறோம். திரும்பி வருவதற்கு மட்டும் ரயில் சீட்டைத் தவிர வேறு ஏற்பாடு எதையும் நம்மில் பெரும்பாலோர் செய்துகொள்வதில்லை. 'நல்லபடியாகப் போய் வந்தாயிற்று' என்ற ஒரு சொல்லோடு அந்த அத்தியாயத்தை மூடிவிடுகிறோம்.

இடர் தொடங்குவது அங்கேதான். வீடு வந்து சேர்ந்த முதல் நாள் களைப்பிலும் உறவினர்களின் விசாரிப்பிலும் கழிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் பிரசாதம் வழங்குவதில் செல்கிறது. மூன்றாம் நாள் காலையில் தெருவின் இரைச்சலும், தொலைபேசி அழைப்பும், கட்ட வேண்டிய கட்டணங்களும், அலுவலகக் கோப்புகளும் ஒருசேர வந்து சூழ்கின்றன. பனிமலையின் அடியிலும் கங்கைக் கரையிலும் அத்தனை எளிதாகக் கூடிய மனம், சொந்தப் பூஜை அறையில் பத்து நிமிடம்கூட நிற்க மறுக்கிறது. சிலருக்குக் காரணமறியாத சோர்வு; சிலருக்கு வீட்டாரிடம் எரிச்சல்; சிலருக்கு, 'எல்லாம் அங்கேயே போய்விட்டது' என்ற ஏக்கம். வேறு சிலரோ, விரதம் முடிந்த அன்று மாலையே பழைய பழக்கங்களுக்குத் திரும்பிவிடுகின்றனர்.

இந்த நிலையை எவ்வாறு எதிர்கொள்வது? நமது பாரம்பரியம் இதைப் பற்றி என்ன கற்பிக்கிறது? இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக்கொள்வோம்.

வெறுமை ஏன் வருகிறது?

யாத்திரையில் நாம் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதை முதலில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் எழுந்தோம். கிடைத்ததை உண்டோம். கிடைத்த இடத்தில் படுத்தோம். 'இன்று என்ன செய்வது?' என்ற கேள்வியே எழவில்லை. போக வேண்டிய இடம் ஒன்றே. செய்தித்தாள் இல்லை; வம்புப் பேச்சுக்கு நேரமில்லை. ஏறும் ஒவ்வோர் அடிக்கும் இறைநாமம் துணை வந்தது. உடன் நடந்தவர்களுக்கு நமது பதவியோ வருமானமோ தெரியாது. அவர்களுடையது நமக்கும் தெரியாது. உடல் உழைத்தது, ஆகவே உறக்கம் தானே வந்தது.

தலத்தின் மகிமை உண்மையே. ஆயினும் அங்கு நாம் பெற்ற அமைதியில் ஒரு பெரும் பங்கு, அங்கே நாம் வாழ்ந்த முறையிலிருந்து வந்தது. குறைந்த தேவை, ஒரே நோக்கம், நல்லோர் கூட்டு, இடையறாத நாமம், உடலுழைப்பு ஆகிய ஐந்தும் அங்கே ஒன்றுகூடியிருந்தன. வீடு திரும்பியதும் ஐந்தையும் ஒரே நாளில் கைவிட்டுவிட்டு, 'அமைதி போய்விட்டதே' என்று வருந்துகிறோம். விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் எங்கே என்று தேடுவதைப் போன்றது இது.

இங்கு ஒரு சிறு எச்சரிக்கையும் தேவை. உடலின் களைப்பை ஆன்மிக வறட்சி என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. கேதார்நாத் கடல்மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. அமர்நாத் குகை ஏறத்தாழ 3,888 மீட்டர். அத்தகைய உயரத்திலும் குளிரிலும் பல நாள் அலைந்து, பின் சில நாட்களிலேயே சமவெளியின் வெப்பத்துக்கு வந்த உடலுக்கு ஓய்வும் எளிய உணவும் போதிய நீரும் சில நாட்களாவது வேண்டும். உறக்கம் சீராகுமுன் மனத்தின் நிலையை எடைபோடுவது பயனற்றது. இருமல், மூச்சுத் திணறல், வீக்கம் போன்றவை நீடித்தால், 'யாத்திரை சென்று வந்த உடம்பு, ஒன்றும் ஆகாது' என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இறைவனும் மலையிறங்குகிறான்

'மேலே இருந்தோம், கீழே விழுந்துவிட்டோம்' என்று எண்ணுபவர்கள், கேதார்நாத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். தீபாவளியை அடுத்து வரும் பாயி தூஜ் நாளில் அங்கே திருக்கோயில் நடை அடைக்கப்படுகிறது. அதன்பின் ஐம்முகம் கொண்ட உற்சவத் திருமேனி பல்லக்கில் எழுந்தருளி, மக்கள் வாழும் ஊர்களின் வழியே கீழிறங்கி, உக்கிமடத்திலுள்ள ஓங்காரேசுவரர் ஆலயத்தை அடைகிறது. அந்த இடத்தின் உயரம் சுமார் 1,300 மீட்டரே. குளிர்காலம் முழுவதும் கேதாரநாதருக்குப் பூஜை அங்கேயே நடைபெறுகிறது. அவ்வாறே கங்கோத்ரியின் கங்கை அன்னை முக்பா கிராமத்துக்கும், யமுனோத்ரியின் யமுனை அன்னை கர்சாலி கிராமத்துக்கும் எழுந்தருள்கின்றனர்.

பனிமுடியில் வீற்றிருக்கும் பரம்பொருளே ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் கிராமத்து மக்களின் நடுவில், அடுப்புப் புகையும் ஆட்டுமந்தையின் ஒலியும் கேட்கும் இடத்தில் தங்குகிறது என்றால், நாம் மலையிறங்கி வருவதில் இழிவு என்ன இருக்கிறது? ஏற்றம் எவ்வாறு யாத்திரையின் ஒரு பகுதியோ, இறக்கமும் அவ்வாறே அதன் ஒரு பகுதி. இறங்கும்போது பல்லக்கில் எதைச் சுமந்து வருகிறோம் என்பதே கேள்வி.

செங்கல்லின்மீது நிற்கும் பெருமான்

மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரம் இந்தப் பாடத்தை இன்னும் தெளிவாகக் கற்பிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்படுகின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்கள், சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தை, லட்சக்கணக்கான பக்தர்கள் நாமம் பாடியபடி நடந்தே கடக்கின்றனர். இந்த நடைக்கு 'வாரி' என்று பெயர். முறையாகச் சென்று வருதல் என்பது அதன் பொருள். செல்வது மட்டும் வாரி ஆகாது. வருவதும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அத்தனை பேரும் நடந்து சென்று தரிசிப்பது யாரை? மரபு கூறும் கதையை நாம் அறிவோம். புண்டலீகன் இளமையில் பெற்றோரை மதியாதவன். காசி யாத்திரைக்குப் புறப்பட்ட அவன், வழியில் குக்குட முனிவரின் ஆசிரமத்தில் தங்கினான். அழுக்கடைந்த ஆடையுடன் வந்த மூன்று பெண்கள் ஆசிரமத்தில் பணிசெய்து தூய்மை பெற்றுச் செல்வதை விடியற்காலையில் கண்டான். அவர்கள் கங்கை, யமுனை, சரஸ்வதி என்ற புண்ணிய நதிகள் என்பதையும், பெற்றோரைப் பேணியதால் முனிவர் பெற்ற தூய்மையே அந்நதிகளையும் தூய்மை செய்கிறது என்பதையும் அறிந்து மனம் மாறினான். வீடு திரும்பிப் பெற்றோரின் பணியில் ஆழ்ந்தான். அந்தத் தொண்டைக் காணப் பகவானே அவன் வாசலுக்கு வந்தார். பெற்றோரின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த புண்டலீகன் எழவில்லை. நிற்பதற்கு ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, காத்திருக்குமாறு வேண்டினான். பகவான் இன்றுவரை இடுப்பில் கைவைத்தபடி காத்து நிற்கிறார்.

இக்கதையின் ஆழத்தைக் கவனியுங்கள். யாத்திரை சென்றவன் வீடு திரும்பினான்; வீட்டில் ஆற்றிய கடமையே ஒரு மாபெரும் தீர்த்தத்தைப் படைத்தது. மூன்று வாரம் நடந்து நாம் காணச் செல்லும் இறைவன், ஒரு வீட்டு வாசலைத் தேடி வந்தவர்.

அதனால்தான் வார்க்கரி நெறி, திரும்பிய பின் வாழ வேண்டிய முறையையும் சேர்த்தே வகுத்திருக்கிறது. துளசி மாலை அணிந்தவர் அதை ஊர் திரும்பியதும் கழற்றுவதில்லை. மது, மாமிசம் விலக்குதல், ஏகாதசி விரதம், அன்றாடம் ஞானேசுவரரின் ஹரிபாடத்தை ஓதுதல் ஆகியவை அவருக்கு ஆண்டு முழுவதற்குமான நியமங்கள். உழவரும் குயவரும் வணிகரும் தத்தம் தொழிலில் இருந்தபடியே இவற்றைக் கடைப்பிடிக்கின்றனர். தோட்டக்காரரான சாவதா மாலி, தம் காய்கறிப் பாத்திகளிலேயே விட்டலனைக் கண்டவர் என்று அந்த மரபு போற்றுகிறது.

வாரியில் நடப்பவர்கள் ஒருவரையொருவர் 'மாவுலி' என்று அழைத்து, ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குவர். மாவுலி என்றால் தாய். முன்பின் அறியாதவரைத் தாயென அழைத்த நாவு, வீட்டில் இருக்கும் தாயிடம் எவ்வாறு பேசுகிறது? யாத்திரையின் உண்மையான தேர்வு இங்கே நடைபெறுகிறது.

அசைபோடுதல்

ஸ்ரீராமகிருஷ்ணர் 1868-ஆம் ஆண்டு மதுர்பாபுவுடன் தேவகர், காசி, பிரயாகை, பிருந்தாவனம் ஆகிய தலங்களுக்கு யாத்திரை சென்றார். பிருந்தாவனத்தில் வாழ்ந்த முதிய பக்தையான கங்காமாயி, அவரைத் தம்முடனேயே தங்கிவிடுமாறு வேண்டினார். அவருக்கும் அங்கேயே இருந்துவிடும் எண்ணம் எழுந்தது. ஆனால் தட்சிணேசுவரத்தில் தனித்திருக்கும் வயது முதிர்ந்த அன்னை சந்திரமணி தேவியின் நினைவு வந்ததும் அவர் திரும்பிவிட்டார். பிருந்தாவனத்தைவிடவும் தாயின் அருகில் இருப்பது அவருக்குப் பெரிதாயிற்று.

வரும்போது அவர் வெறுங்கையுடன் வரவில்லை. பிருந்தாவனத்தின் புனித மண்ணைக் கொணர்ந்து, தாம் தவம் புரிந்த பஞ்சவடியில் தூவினார். அங்கிருந்து கொண்டுவந்த மாதவிக் கொடியை நட்டு வளர்த்தார். தீர்த்தத்தை நினைத்து ஏங்குவதற்குப் பதிலாக, தாம் வாழும் இடத்தையே தீர்த்தமாக்கினார்.

யாத்திரை சென்று வருவோருக்கு அவர் கூறிய ஓர் உவமை நெஞ்சில் பதிக்கத்தக்கது. பசு வயிறாரப் புல் மேய்ந்தபின் அமைதியான ஓரிடத்தில் படுத்து அசைபோடும். அவ்வாறே தலங்களைத் தரிசித்தவரும் தனிமையில் அமர்ந்து, அங்கே எழுந்த தெய்விக உணர்வுகளை மீண்டும் மீண்டும் நினைத்து உட்கொள்ள வேண்டும். உடனே உலக விஷயங்களில் பாய்ந்துவிட்டால் அவ்வுணர்வுகள் நிலைபெறாமற்போகும் என்பது அவர் கருத்து. மேய்ச்சல் முடிந்தது, செரிமானம் இனிமேல்தான். நாமோ மேய்ந்ததை அசைபோடாமல், எடுத்த புகைப்படங்களை எல்லோருக்கும் காட்டிப் பாராட்டைச் சேர்ப்பதிலேயே நாட்களைக் கழித்துவிடுகிறோம்.

கயையில் விட்டது என்ன?

கயையில் முன்னோர் கடன் செய்பவர்கள் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை என்று தமக்குப் பிடித்தவற்றை விட்டுவிட்டு வரும் வழக்கம் உண்டு. திரும்பியபின் உணவில் அக்காய் வரும்போதெல்லாம், 'இதை இறைவனிடம் விட்டுவிட்டேன்' என்ற நினைவு எழுகிறது. நம் சாப்பாட்டு இலையிலேயே கயை எட்டிப் பார்க்கிறது. யாத்திரையை அன்றாட வாழ்வோடு பிணைக்கப் பெரியோர் கண்ட எளிய உபாயம் இது.

பாகற்காயை விட்டு வந்தேன் என்று சிரித்தபடி சொல்வோரும் உண்டு. பிடிக்காததை விடுவதில் தியாகம் ஏது? காயை விடுவதோடு, ஒரு குணத்தையும் விட்டு வரலாம்: சுடுசொல், புறம்பேசுதல், பிறர் சொல்வதைக் கேட்குமுன் மறுத்துப் பேசுதல். எது நமக்கு மிகவும் பிடித்தமான குறையோ, அதுவே விடத்தக்கது.

வீட்டிலிருந்தவரின் யாத்திரை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். மாமியார் இருபது நாட்கள் வடநாட்டு யாத்திரை சென்று வந்திருக்கிறார். அந்த இருபது நாட்களும் நோயுற்ற மாமனாருக்கு வேளைக்கு மருந்து கொடுத்து, குழந்தைகளைத் தேர்வுக்கு அனுப்பி, தானும் வேலைக்குச் சென்று வந்தவள் மருமகள். யாத்திரை முடிந்த மூன்றாம் நாள், காபி ஆறிவிட்டது என்று மாமியார் குறைப்பட்டுக்கொள்கிறார். "அங்கே எத்தனை அமைதி! இந்த வீட்டில் கால் வைத்ததுமே எல்லாம் போய்விட்டது" என்கிறார். மருமகள் ஒன்றும் பேசாமல் காபியைச் சுடவைக்கச் செல்கிறாள்.

கங்கை நீர் அண்டை வீடுகளுக்கெல்லாம் சென்றது. ஆனால், "நான் இல்லாத இருபது நாளும் எப்படி அம்மா சமாளித்தாய்?" என்று அவளை யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அதுவே சிறந்த கங்கா பூஜையாக இருந்திருக்கும். நாம் மலையேறியபோது நமது சுமையை யாரோ வீட்டில் சுமந்தார்கள். அவர்கள் இருந்ததனால் நாம் சென்றோம். யாத்திரையின் பலனில் அவர்களுக்குப் பங்கு உண்டு. திரும்பி வந்தவர் முதலில் வணங்க வேண்டியது அவர்களையே. 'நான் தரிசித்தவன், இவர்கள் தரிசிக்காதவர்கள்' என்ற எண்ணம் சிறிதேனும் உள்ளே நுழைந்தால், மலைமீது தேடிய புண்ணியம் வாசற்படியிலேயே கரைந்துபோகும்.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி அமர்வான், எப்படி நடப்பான் என்று அர்ஜுனன் கேட்கிறான். பேசுவது, அமர்வது, நடப்பது: மூன்றும் அன்றாடச் செயல்களே. ஆன்மிக நிலை புலப்படுவது அவற்றில்தான்.

எதையும் உணராதவர்களுக்கு

இவ்வளவும் படித்தபின், 'நான் சென்று வந்தேன். ஆனால் எந்த அனுபவமும் ஏற்படவில்லையே, எதை அசைபோடுவது?' என்று சிலர் கேட்கக் கூடும். 1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் அமர்நாத் குகையில் பனிலிங்கத்தைத் தரிசித்துப் பேரானந்தம் அடைந்தார். உடன் சென்ற சகோதரி நிவேதிதைக்கோ அந்த அனுபவத்தில் பங்குகொள்ள இயலவில்லையே என்ற ஏமாற்றம். அதை அறிந்த சுவாமிஜி, இப்போது உனக்குப் புரியாவிட்டாலும் யாத்திரை செய்துவிட்டாய், காரணம் இருந்தால் காரியம் வந்தே தீரும், அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும் என்ற கருத்தில் அவருக்கு ஆறுதல் கூறினார்.

மூன்று மாதங்கள் கழிந்தன. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், காளி பூஜையன்று, கல்கத்தாவின் பாக்பஜாரில் ஒரு குறுகிய சந்தில் நிவேதிதையின் பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் தொடங்கிவைத்தார். பனிமலைக் குகையிலிருந்து திரும்பியவர் தேர்ந்துகொண்டது, சில சிறுமியர் அமர்ந்து படிக்கும் ஒரு சிறு வீட்டை. ஆகவே, உணர்ச்சி பொங்கவில்லையே என்று கலங்க வேண்டாம். கடமையில் உறுதியோடு இறங்குவதும் யாத்திரையின் பலனே.

நடைமுறையில் செய்யத்தக்கவை

1. முடிந்தால், திரும்பி வரும் நாளுக்கும் வேலைக்குச் செல்லும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது விட்டுவைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். அந்த நாள் ஓய்வுக்கும் மௌனத்துக்கும் உரியது.

2. வீட்டிலிருந்தவர்களின் கதையை முதலில் கேளுங்கள். உங்கள் கதையைப் பிறகு சொல்லுங்கள். கேட்பவர் சலிக்குமுன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. முதல் ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் தனித்து அமர்ந்து, ஒரு நாளைக்கு ஓர் இடமாக, தரிசித்த தலங்களை மனத்தில் மீண்டும் வலம்வாருங்கள்.

4. யாத்திரையில் வாழ்ந்த ஐந்து முறைகளுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், விடாமல் கடைப்பிடியுங்கள். அதிகாலையில் எழுவதோ, நாமஜபத்தோடு நடப்பதோ, எளிய இரவு உணவோ எதுவாயினும் சரி. ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள முயல்பவர் பத்தாம் நாளில் ஐந்தையும் விட்டுவிடுவார்.

5. நியமத்துக்காக வீட்டாரை வருத்தாதீர்கள். உங்கள் ஜபத்தால் மற்றொருவருடைய வேலை கூடக் கூடாது.

6. உடன் யாத்திரை செய்தவர்களோடு மாதம் ஒருமுறையேனும் கூடிப் பஜனை செய்யுங்கள். வழித்துணையாக இருந்தவர்கள் வாழ்க்கைத் துணையாகவும் இருக்கட்டும்.

7. அடுத்த யாத்திரைக்கு அவசரப்படாதீர்கள். இம்முறை வீட்டிலிருந்தவர் அடுத்த முறை செல்லட்டும். அவருடைய பணியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் உங்களுக்கு ஒரு யாத்திரையாக அமையும்.

அன்பர்களே, கோயில் நடை அடைக்கப்பட்டாலும் கேதாரநாதருக்கு உக்கிமடத்தில் பூஜை நிற்பதில்லை. நமது யாத்திரையும் ரயிலடியில் நின்றுவிட வேண்டியதில்லை. அது வாசற்படி தாண்டி உள்ளே வரட்டும். சமையலறைக்கும் நோயாளியின் கட்டிலருகிலும் அலுவலக மேசைக்கும் செல்லட்டும். நாம் திரும்பி வந்ததால் இந்த வீட்டில் ஒருவருக்கேனும் சுமை குறைந்தது என்றால், அங்கே யாத்திரை நிறைவுறுகிறது.

சிந்தனைக்கு

1. நீங்கள் சென்று வந்த யாத்திரையில் மனம் மிகவும் அமைதியுற்ற வேளை எது? அப்போது நீங்கள் எவ்வாறு வாழ்ந்துகொண்டிருந்தீர்கள்?

2. புண்டலீகன் பகவானைக் காத்திருக்கச் சொன்னது ஏன் பக்திக் குறைவாகாது?

3. நீங்கள் யாத்திரை சென்றபோது உங்கள் கடமைகளைச் சுமந்தவர் யார்? அவருக்கு உங்கள் நன்றியை எவ்வாறு தெரிவித்தீர்கள்?

4. இன்று விட்டுவிட வேண்டிய 'பிடித்தமான குறை' உங்களிடம் எது?